ஒரே தகடு, ஒரே ஓட்டம், மூன்று நிறம்: கிருஷ்ண ரெட்டி முறையில் முதல் அச்சு எடுக்கப் போகிறவர்களுக்கு

போன மே மாதம் உலோகத் தகட்டிலிருந்து நிற அச்சு எடுக்கப் போய் ஒரே மதியத்தில் ஒன்பது தாளை வீணாக்கினேன். நீலமும் ஆரஞ்சும் தனித்தனியாகப் பிரிந்து நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் மழைக்காலத் தெருத் தண்ணீர் மாதிரி ஒரு நிறம். மையை மாற்றினேன், தகட்டைக் கழுவினேன், பிரஸ்ஸைத் திட்டினேன். அடுத்த வாரம் காலை ஆறரைக்கு அதே மை, அதே தகட்டோடு மறுபடி போனேன். முதல் தாளிலேயே நிறம் பிரிந்தது. கோளாறு வேறெங்கும் இல்லை, மதிய வெயிலில்தான் இருந்தது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒன்பது தாள் மிச்சம். அதனால் இதை எழுதுகிறேன்.

வரலாறு வேண்டாம், வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன். எட்சிங் என்பது உலோகத் தகட்டைக் கீறியும் அரித்தும் அதில் மை ஏற்றித் தாளில் அச்செடுப்பது. அதில் நிறம் வேண்டுமென்றால் வழக்கமாக நிறத்துக்கொரு தகடு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். சித்தூர் மாவட்டத்தில் பிறந்த அச்சுக்கலைஞர் கிருஷ்ண ரெட்டி, 1950-களில் பாரிஸில் ஆங்கிலேய அச்சுக்கலைஞர் ஹேட்டர் நடத்திய அட்டெலியே 17 பட்டறையில், கைக்கோ மோட்டி போன்ற கூட்டாளிகளோடு சேர்ந்து வேறு வழியைத் தேர்ச்சியாக்கினார். எல்லா நிறத்தையும் ஒரே தகட்டில் ஏற்றி, ஒரே ஓட்டத்தில் தாளுக்கு இறக்குவது. இதைத்தான் விஸ்காசிட்டி பிரிண்ட் என்கிறோம். பாடப்புத்தகம் விஸ்காசிட்டியைப் பாகுநிலை என்கிறது. சமையல்கட்டில் நமக்கு அது ‘பதம்’. இந்த வேலை முழுக்கப் பதம் பார்க்கிற வேலைதான்.

1. முதலில் அரை நாள் உட்கார்ந்து படம் பாருங்கள் (செலவு: இல்லை)

நியூயார்க்கின் மெட் (மெட்ரோபாலிட்டன்) அருங்காட்சியகம் 2016-ல் ஹேட்டர், ரெட்டி, இந்தியாவில் பிறந்த அச்சுக்கலைஞர் ஜரீனா ஹாஷ்மி மூவரையும் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தது. அதுபோன்ற அருங்காட்சியக இணையதளங்களில் ரெட்டியின் படங்கள் கிடைக்கும். 1963-ல் செய்த ‘நீர்ச்சுழல்’, அதே ஆண்டின் ‘அலை’, 1968 பாரிஸ் மாணவர் கிளர்ச்சியிலிருந்து பிறந்த ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’ ஆகிய மூன்றும் போதும். திரையில் முழுப் படத்தையும் பார்த்து ரசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒரு மூலையை எடுத்துப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள்.

‘நீர்ச்சுழலில்’ கோடுகள் வலைபோலச் சுழன்று உள்ளே இழுபடுகின்றன. அந்தக் கோட்டுக்குள் ஒரு மை, கோட்டை ஒட்டிய சரிவில் இன்னொன்று, மேட்டில் வேறொன்று. நிறம் மாறுகிற இடத்தில் கத்தரித்தாற்போன்ற எல்லை இருக்காது, மெல்ல வழுக்கிப் போகும். இது தூரிகை வேலை அல்ல. தகடு அங்கே சரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ரெட்டி சாந்திநிகேதனில் படித்தவர், லண்டனில் ஹென்றி மூரிடமும் பாரிஸில் ஸாட்கினிடமும் சிற்பம் பயின்றவர். கையுளியும் மின்கருவியும் கொண்டு துத்தநாகத் தகட்டையே சிற்பமாகக் குடைந்தார். ஓவியராக மட்டும் நினைத்து அவரைப் பின்பற்றினால் தகட்டை மேலோட்டமாகக் கீறிவிட்டு, நிறம் ஏன் பிரியவில்லை என்று தலையைச் சொறிவீர்கள். நான் அப்படித்தான் இரண்டு தகட்டை இழந்தேன்.

2. பிரஸ் வாங்காதீர்கள், இடம் பிடியுங்கள் (காலம்: மூன்று வாரம் முதல் இரண்டு மாதம்)

எட்சிங் பிரஸ் இரும்புப் பாறை. மாடி வீட்டில் வைக்க வீட்டுக்காரர் ஒப்பமாட்டார். சென்னையில் இருப்பவர்களுக்குக் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தில் கிராபிக்ஸ் ஸ்டுடியோ உண்டு. தனியார் ஸ்டுடியோக்களும் நாள் வாடகைக்கோ மாத வாடகைக்கோ இடம் தருகிறார்கள்.

எங்கே போனாலும் கையில் இருக்க வேண்டியவை: ஒரு பக்கத் தன்விவரம், எட்டிலிருந்து பத்து வேலைகளின் படம், அடையாள அட்டை நகல், இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, என்ன செய்யப் போகிறீர்கள் என்று பத்து வரி. அந்தப் பத்து வரியில் ‘கலையின் எல்லைகளைத் தேடி’ என்றெல்லாம் எழுத வேண்டாம். ‘15×20 செ.மீ. தகடு, மூன்று நிறம், பத்துப் பிரதி, பிரஸ் நான்கு நாள் வேண்டும்’ என்று எழுதுங்கள். படிக்கிறவருக்கு அதுதான் தேவை.

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்: வேலைகளின் படத்தைச் சாய்வாக, டியூப்லைட் பளபளப்போடு எடுத்து அனுப்பினேன். ஓரிடத்தில் ‘தெளிவாக இல்லை’ என்று திருப்பிவிட்டார்கள். மூன்று வாரம் போனது. பகலில், ஜன்னலோரம், தாளைச் சுவரில் ஒட்டி நேராக நின்று எடுங்கள். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு எடுங்கள்.

இடம் பேசும்போதே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள். அமிலத் தொட்டி இருக்கிறதா? மை ஏற்றும் ரப்பர் உருளைகளான கெட்டி ரோலர், மெத்து ரோலர் இரண்டும் இருக்கிறதா? காலை எட்டுக்கு முன் திறப்பார்களா? மூன்றாவது கேள்வி ஏன் என்பது ஆறாவது படியில் புரியும்.

3. ரோலரை அளந்த பிறகே தகடு வெட்டுங்கள்

தகட்டை வெட்டிக்கொண்டு ரோலர் தேடுகிறவர்கள்தான் அதிகம். அது தலைகீழ். ரோலர் தகட்டின்மேல் ஒரே சுற்றில் ஓடி முடிய வேண்டும். இரண்டாம் சுற்று தொடங்கினால் படத்தின் குறுக்கே ஒரு பட்டை விழும், எதைக் கொண்டும் அதை மறைக்க முடியாது. கணக்கு எளிது. ரோலரின் விட்டத்தை 3.14-ஆல் பெருக்குங்கள். 7 செ.மீ. விட்ட ரோலர் ஏறக்குறைய 22 செ.மீ. ஓடும். அதற்கு 15×20 தகடு சரி. 30 செ.மீ. தகடு வேண்டுமென்றால் 10 செ.மீ. விட்டத்துக்குக் குறையாத ரோலர் வேண்டும். ரோலரின் அகலம் தகட்டின் அகலத்தைவிட இரண்டு விரற்கடையாவது கூட இருக்கட்டும்.

ஸ்டுடியோவில் ரோலர் இல்லையென்றால் செலவு இங்கேதான் எகிறும். வெளிநாட்டு ரோலரின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். உள்ளூரில் ஒரு வழி இருக்கிறது. ஆஃப்செட் அச்சகங்களின் பழைய ரோலருக்குப் புது ரப்பர் ஏற்றித் தரும் பட்டறைகள் தொழிற்பேட்டைகளில் உண்டு. அங்கே போய் ‘மெத்துன்னு வேணும்’ என்றால் அவர்கள் அர்த்தத்தில் ஒரு மெத்து கிடைக்கும். ரப்பரின் கெட்டித்தன்மையை ஷோர் என்ற அளவில் சொல்வார்கள். கெட்டி ரோலருக்கு 50-60 ஷோர், மெத்து ரோலருக்கு 20-25 ஷோர் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். எனக்கு இரண்டும் சேர்ந்து ஒன்பதாயிரத்தை ஒட்டி ஆனது, கைக்கு வரப் பன்னிரண்டு நாள். மேற்பரப்பு ஊசிமுனைக் குழிகூட இல்லாமல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

4. தகடு: மூன்று மட்டம் (காலம்: இரண்டு, மூன்று வாரம்)

வழக்கமான எட்சிங்குக்கு வாங்கும் 1 மி.மீ. தகடு இதற்குப் போதாது. 1.5 அல்லது 2 மி.மீ. துத்தநாகம் கேளுங்கள். விளிம்பு நான்கையும் அரத்தால் சாய்வாக ராவிவிடுங்கள். இல்லாவிட்டால் பிரஸ்ஸின் கம்பளி கிழியும், கம்பளிக்கான பணம் உங்கள் தலையில் விழும்.

மேல்மட்டம் தகட்டின் இயல்பான முகம். அதைத் தொட வேண்டாம். நடுமட்டம் அதற்கு அரை மில்லிமீட்டர் கீழே. அடிமட்டம் இன்னும் அரை மில்லிமீட்டர். இதோடு, ஊசியால் கீறிய கோடுகள். படிக்கட்டு மாதிரி வெட்டினால் நிறங்கள் வரைபடத்து நாடுகள் மாதிரி பிரிந்து நிற்கும். ரெட்டியின் படங்களில் வருகிற வழுக்கல் வேண்டுமென்றால் மட்டங்களுக்கு இடையே சுரண்டியால் சரிவு கொடுங்கள். கண்ணை நம்பாதீர்கள், விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விரல் தட்டாமல் இறங்க வேண்டும். சிறு மின்கருவியால் குடைகிறவர்கள் முகக்கவசமும் கண்ணாடியும் போடாமல் தொடாதீர்கள்.

மட்டங்களை இறக்கத் தகட்டை அரிக்கும் திரவம் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பழைய வழி நைட்ரிக் அமிலம். அதை வாங்குவதற்கே ஆவணம் வேண்டும். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுப்படி, அமிலம் விற்கும் கடைக்காரர் வாங்குபவரின் விவரம், அளவு, காரணம் மூன்றையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும். முகவரியோடு கூடிய அரசு அடையாள அட்டை காட்ட வேண்டும். 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. மாணவர்கள் ஸ்டுடியோவின் கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். நீர்க்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை அல்ல. பழுப்புப் புகை எழுந்தால் அரிப்பு வேகமெடுத்துவிட்டது என்று பொருள். வெளியே வந்துவிடுங்கள்.

நான் இப்போது நைட்ரிக் பக்கம் போவதில்லை. உரக்கடையில், போர்டோ கலவைக்கு விவசாயிகள் வாங்குகிற மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) இருக்கிறதே, அதுவும் சமையல் உப்பும் சம எடை. லிட்டர் தண்ணீருக்கு ஒவ்வொன்றும் 50 கிராம் போட்டேன். துத்தநாகத்தை நன்றாக அரிக்கிறது, பழுப்புப் புகை இல்லை. செம்பு, செந்தூள் மாதிரி தகட்டின்மேல் படியும். மெல்லிய பிரஷ்ஷால் அவ்வப்போது தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரிப்பு நின்றுவிடும். ஆழமான மட்டத்துக்கு மணிக்கணக்கில் ஆகும். அவசரப்படுகிறவர்கள் அதுவரை சுரண்டிக்கொண்டிருக்கலாம். கையுறை கட்டாயம். மிஞ்சிய நீலத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், செம்பு மீனைக் கொல்லும். சலவைச் சோடா போட்டுப் படியவைத்து, தெளிந்ததை இறுத்து, வண்டலை ரசாயனக் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுக்கும் ஏற்பாடு ஸ்டுடியோவில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் போர்டு செய்கிறவர்களுக்கு விற்கும் பெர்ரிக் குளோரைடு செம்புத் தகட்டுக்கு நல்லது. அதைத் துத்தநாகத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

5. தாள்

சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள். 78×106 செ.மீ. முழுத்தாளை மூன்றுக்கு மூன்றாகக் கிழித்தால் 26×35 அளவில் ஒன்பது துண்டு வரும், 15×20 தகட்டுக்கு அழகான ஓரத்தோடு. நான் வாங்கியபோது முழுத்தாள் 500 ரூபாயை ஒட்டி. பத்துப் பிரதி வேண்டுமென்றால் மூன்று முழுத்தாள் வாங்குங்கள். முதல் ஒன்பது துண்டு எங்கே போகும் என்று மேலே சொல்லிவிட்டேன். அரைமணி ஊறவைத்து, துண்டில் ஒற்றி, மேற்பரப்பில் மினுமினுப்பு போன பிறகே பயன்படுத்துங்கள்.

6. மையின் பதம்

மூன்று மை வேண்டும். கோட்டுக்குள் போக ஒன்று, மேட்டுக்கு (மேல்மட்டம்) ஒன்று, பள்ளத்துக்கு (அதற்குக் கீழே உள்ள மட்டங்கள்) ஒன்று.

மேட்டுக்குப் போகிற மையில் ஆளிவிதை எண்ணெய் நிறையச் சேர வேண்டும். கத்தியால் தூக்கினால் தேன் மாதிரி கயிறாக இறங்கட்டும். பள்ளத்துக்குப் போகிற மையில் எண்ணெய் கிட்டத்தட்டவே கூடாது. கத்தியைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாத பதம். எண்ணெய்ப் பசையுள்ள மேட்டின்மீது அந்தக் கெட்டி மை ஏற மறுக்கிறது, நேராகப் பள்ளத்துக்குப் போய் ஒட்டுகிறது. அந்த மறுப்புதான் முழுச் சூட்சுமமும். மாற்றிப் போட்டால், அதாவது முதலில் கெட்டி, மேலே தளர்ச்சி என்றால், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலக்கும். அதுவும் சில நேரம் வேண்டியிருக்கும், ஆனால் முதல் தகட்டில் வேண்டாம்.

என் நோட்டில் இருக்கிற அளவு: 20 கிராம் மைக்கு மேட்டுக்கு 40 சொட்டு எண்ணெய், பள்ளத்துக்கு இரண்டு சொட்டு. இதை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஜனவரி காலையில் எழுதியது இது. குளிர்நாட்டில் எழுதிய அளவுகளை நம் ஊர் மே மாத மதியத்துக்குக் கொண்டுவந்ததுதான் நான் செய்த தப்பு. வெயிலில் கெட்டி மையும் தானாகத் தளர்ந்துவிடும், இரண்டு மைக்கும் இடையே இருந்த வித்தியாசம் போய்விடும், பிறகு சேறுதான். கோடையில் காலை ஒன்பதுக்குள் அச்சு முடியுங்கள், அல்லது ஏசி அறை கேளுங்கள். கெட்டி மை அப்படியும் இளகினால் மெக்னீசியம் கார்பனேட் தூளை ஒரு சிட்டிகை கலந்து இறுக்கலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுகிறவர்கள் கையில் தடவுகிற வெள்ளைத் தூள் அதுதான்.

தாளைத் தொடுமுன் கண்ணாடிச் சோதனை செய்துவிடுங்கள். ஒரு கண்ணாடித் துண்டில் தளர்ந்த மையை விரலகலப் பட்டையாகக் கெட்டி ரோலரால் தடவுங்கள். கெட்டி மை ஏற்றிய மெத்து ரோலரை அதன் குறுக்கே ஒருமுறை ஓட்டுங்கள். பட்டை அப்படியே தெரிந்து, இருபுறமும் புது நிறம் உட்கார்ந்தால் பதம் சரி. பட்டையின்மேலும் நிறம் ஏறினால் தளர்ந்த மையில் எண்ணெயைக் கூட்டுங்கள், கெட்டி மையில் குறையுங்கள். மூன்று நிமிட வேலை. இதை நான் இரண்டு மாதம் கழித்துத்தான் கற்றேன்.

மாட்டிவிடுகிற இன்னொன்று மஞ்சள். துத்தநாகத் தகட்டில் மஞ்சள் மையை வைத்துத் துடைத்தால் பச்சையடித்துச் சாம்பிப் போகும். வெள்ளையும் அப்படியே. கோட்டுக்குள் கறுப்போ அடர்நீலமோ வையுங்கள், மஞ்சளை ரோலருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழகும்வரை வெளிநாட்டுக் குழாய் மைக்குப் பணம் போடாதீர்கள். கிலோ டின்னில் வரும் ஆஃப்செட் மை போதும். அது இயல்பிலேயே தளர்ந்தது, அதனால் இறுக்கும் தூள் அதிகம் செலவாகும்.

7. அச்சு நாள் (ஒரு பிரதிக்கு 40 நிமிடம்)

கோட்டுக்கான மையைத் தகடு முழுக்க அழுத்தித் தேய்த்து, கஞ்சி போட்ட வலைத்துணியால் துடையுங்கள். கோட்டுக்குள் இருப்பது இருக்கட்டும், மேற்பரப்பு சுத்தமாகட்டும். அடுத்து கெட்டி ரோலர், தளர்ந்த மை, அழுத்தாமல் ஒரே ஓட்டம். மேடு மட்டும் நிறம் வாங்கும். பிறகு மெத்து ரோலர், கெட்டி மை. இப்போது இரண்டு கையையும் ஊன்றி மெதுவாக, நிறுத்தாமல். நடுவில் நின்றால் கோடு விழும். ரப்பர் பள்ளத்துக்குள் அமுங்கி நிறம் வைத்துவிட்டு வருவதைப் பக்கவாட்டில் குனிந்தால் பார்க்கலாம். முதல்முறை அதைப் பார்த்தபோது செய்த செலவெல்லாம் மறந்துபோனது.

ஓட்டம் முடிந்ததும் தகட்டுக்கு முன் மெத்து ரோலரைப் பாருங்கள். அதில் மேட்டின் நிறம் லேசாகப் பதிந்திருந்தால் பரவாயில்லை. திட்டுத்திட்டாக வாரிக்கொண்டு வந்திருந்தால் அந்தத் தகட்டைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். தாளை வீணாக்க வேண்டாம். சரியாக இருந்தால் தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து, மேலே ஈரத்தாளும் கம்பளியும் போட்டு ஒரே ஓட்டம்.

ஒவ்வொரு பிரதிக்கும் ரோலர் இரண்டையும் கண்ணாடியையும் துடைத்துப் புது மை விரிக்க வேண்டும். ஒரு காலையில் நான்கு பிரதி எடுத்தால் நல்ல நாள். ரோலரைத் தின்னரால் துடைக்காதீர்கள், ரப்பர் ஊதிவிடும். முதலில் சமையல் எண்ணெய், பிறகு கொஞ்சம் மண்ணெண்ணெய். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிட்டுப் போகவே கூடாது. அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. தண்ணீர் வாளியில் போடுங்கள். ரோலரை நிமிர்த்தி மாட்டுங்கள், தரையில் படுக்கவைத்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

அச்சான தாளை ஒற்றுத்தாள்களுக்கு இடையே வைத்து மேலே பலகை. ஒரு வாரம் தொடாதீர்கள்.

8. நோட்டு, எண், கையெழுத்து

இந்த முறையில் பத்துப் பிரதியும் ஒன்றுபோல் வருவது கடினம். அதற்கு ஒரே மருந்து நோட்டு. பிரதி எண், தேதி, மணி, அறை வெப்பம், ஒவ்வொரு மையிலும் எத்தனை சொட்டு, எந்த ரோலர் முதலில். ஒரு வரி போதும். ‘நேற்று வந்த மாதிரி வரட்டும்’ என்று ஞாபகத்தை நம்பினால் வராது. வேண்டுமென்றே மாற்றுவது வேறு. ரெட்டி ‘மாபெரும் கோமாளி’ படத்தின் ஒரே தகட்டிலிருந்து வெவ்வேறு நிறச் சேர்க்கைகளில் அச்செடுத்தார். அப்படிச் செய்தால் ஒவ்வொரு சேர்க்கையையும் தனி எடிஷனாக எழுதிவையுங்கள்.

படத்துக்குக் கீழே, தகட்டின் தடத்துக்கு வெளியே, பென்சிலில்: இடப்பக்கம் 3/10 என்று எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். பேனா வேண்டாம். உங்களுக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதிகளில் ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப், அதாவது கலைஞரின் பிரதி) என்று எழுதுவது இங்கே வழக்கம், பத்துக்கு ஒன்று என்பது நாகரிகமான அளவு. பாரிஸ் பட்டறைகளின் பழைய அச்சுகளில் அதே இடத்தில் ஈ.ஏ. என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

ரெட்டியின் முறையை யாரும் எடுத்தாளலாம். அவர் படத்தை அப்படியே வரைந்து அச்சடித்து விற்க முடியாது. அவர் 2018-ல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை 2078 முடியும்வரை நீடிக்கும்.

9. வெளியே அனுப்பும்போது

சுங்கப் படிவத்தில் ‘போஸ்டர்’ என்று எழுதிவிடாதீர்கள். மூல அச்சுப்படத்துக்கான குறியீடு 9702. கலைஞர் கையாலேயே செய்த தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த அச்சு என்பதே அதன் வரையறை. இயந்திர முறையிலோ போட்டோ முறையிலோ எடுத்தது அதில் சேராது. பில்லில் தலைப்பு, ஆண்டு, அளவு, எடிஷன் எண், ‘கையால் செதுக்கிய துத்தநாகத் தகடு’ என்ற வரி ஐந்தும் இருக்கட்டும். உள்நாட்டில் கேலரி வழியாக விற்றால், இந்தக் குறியீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு முன் 12.

குழாயில் சுருட்டி அனுப்பாதீர்கள். ஆழமான தகடு தாளையே மேடுபள்ளமாக அழுத்தியிருக்கும், சுருட்டினால் அந்த மேடு நசுங்கும். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். பிரேம் கடையிலும் இதையே சொல்ல வேண்டும். பெரும்பாலான கடைகளில் கேட்காமலே தாளை அட்டையில் பசைபோட்டு ஒட்டி, கண்ணாடியை மேலே அழுத்திவிடுவார்கள். ஒட்டக் கூடாது, மவுன்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டைச் சட்டம்) வைத்துக் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.